கிறிஸ்துமஸ் காலையில் குளிர்ந்த போர்க் பை: மாமியார் வீட்டுத் தட்டில் இருந்தது எந்த ஊர் வழக்கம்?

நீங்கள் கேட்டது இதுதான். திருமணத்துக்குப் பின் வந்த முதல் கிறிஸ்துமஸுக்கு லெஸ்டர்ஷையரில் உள்ள கணவரின் பெற்றோர் வீட்டுக்குப் போயிருக்கிறீர்கள். காலை ஒன்பது மணிக்குக் குளிர்ந்த போர்க் பை (பன்றி இறைச்சியை மாவுக்குள் அடைத்துச் சுட்டது) ஒரு துண்டும், அதன் பக்கத்தில் மஞ்சள் நிற ஊறுகாயும் வைத்திருக்கிறார்கள். லண்டனில் உங்களோடு வேலை செய்பவர்களோ, கிறிஸ்துமஸ் காலை என்றால் புகையூட்டிய சால்மன் மீனும் கிளறிய முட்டையும்தான் என்கிறார்கள். ஸ்டோக்கில் வாழ்க்கைப்பட்ட உங்கள் தோழி, தோசை மாதிரி ஏதோ ஒன்றைச் சாப்பிட்டதாகச் சொல்கிறார். இவற்றில் எது உண்மையான ஆங்கிலேயர் வழக்கம், இந்த ஆண்டு மாமனாரும் மாமியாரும் உங்கள் வீட்டுக்கு வரும்போது காலையில் எதைச் செய்து வைத்தால் தவறாகாது என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் முன்பாதி வரலாறு, பின்பாதி மாமியார். முன்பாதியை விரிவாகச் சொல்கிறேன். அது புரிந்துவிட்டால் பின்பாதிக்கு இரண்டு வரி போதும்.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் 21 ஆண்டுகள் ஹோட்டல் சமையலறைகளில், பெரும்பாலும் காலை உணவுப் பிரிவில், வேலை செய்தேன். முதலில் லெஸ்டர்ஷையரின் மெல்டன் மோப்ரேக்கு அருகே ஒரு பழைய விடுதி, பிறகு ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட்டில் ஆறு ஆண்டுகள், அதன்பின் மேற்கு யார்க்ஷையர், கடைசியாக நியூகாசிலுக்கு வெளியே. கிறிஸ்துமஸ் காலைப் பணி எல்லா இடத்திலும் என் தலையில்தான் விழுந்தது. இவனுக்கு இந்தப் பண்டிகை கிடையாது என்று மேலாளர்களே முடிவு செய்துகொள்வார்கள். நான் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தில் பிறந்தவன், பாட்டனார் காலத்திலிருந்தே உங்கள் ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தவர்கள் நாங்கள் என்று முதல் இரண்டு ஆண்டுகள் சொல்லிப் பார்த்தேன். பிறகு அன்றைக்கு இரட்டைச் சம்பளம் என்பதை நினைத்து வாயை மூடிக்கொண்டேன். அன்று விடுதியில் தங்குபவர்கள் பெரும்பாலும் வயதான தம்பதியர். மெனுவைப் பார்த்ததும் "எங்கள் அம்மா இருந்தவரை..." என்று தொடங்குவார்கள். இந்தப் பதிலில் பாதி அப்படிக் காதில் விழுந்தது, மீதி படித்தது. தென்மேற்குப் பகுதியில் மட்டும் நான் வேலை செய்ததில்லை. அங்கே உள்ளதைக் கூட வேலை செய்த ஒருவர் வழியாகத்தான் அறிவேன்.

இங்கிலாந்து முழுவதற்கும் பொதுவான கிறிஸ்துமஸ் காலை உணவு என்று ஒன்று கிடையாது. மதிய உணவு பொதுவானது: வான்கோழி, வறுத்த உருளைக்கிழங்கு, களைக்கோஸ், கடைசியில் புட்டிங். காலை உணவு அப்படி ஊருக்கு ஊர் வேறுபட்டாலும், அன்றைய சமையலறையின் நிலைமை எல்லா வீட்டிலும் ஒன்றுதான். ஐந்து கிலோ வான்கோழி வேகச் சுமார் மூன்று மணி நேரம் ஆகும். வெளியே எடுத்த பிறகு அரை மணி நேரமாவது ஆறவிட வேண்டும். மன்னரின் கிறிஸ்துமஸ் உரை மூன்று மணிக்கு. 1932இல் ஐந்தாம் ஜார்ஜ் வானொலியில் தொடங்கி வைத்தது அது. அதற்குள் சாப்பிட்டு எழவேண்டும் என்று நினைக்கும் வீடுகள் இன்றும் உண்டு. ஆகவே காலை ஒன்பதிலிருந்து அடுப்பறையின் ஒரே ஓவன் பறவைக்குச் சொந்தம். மேலே உள்ள நான்கு பர்னர்களில் காய்களும் குழம்பும் முறை போட்டுக்கொண்டு நிற்கும்.

மறந்துபோன எதையும் ஓடிப்போய் வாங்கிவரவும் முடியாது. 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் கிறிஸ்துமஸ் அன்று திறக்கக்கூடாது என்று 2004ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ரயில் கிடையாது, பஸ்ஸும் அநேகமாகக் கிடையாது. நான் 24ஆம் தேதி இரவே விடுதிக்குப் போய், படுக்கை விரிப்புகள் அடுக்கும் அறையில் தூங்கி எழுந்து வேலை செய்வேன். ஆக, காலை உணவு என்பது 24ஆம் தேதி மாலைக்குள் வீட்டுக்கு வந்து சேர்ந்த பொருளாக இருக்க வேண்டும். அப்படியே குளிர்ந்த நிலையில் சாப்பிடக் கூடியதாகவோ, ஒரு வாணலியில் பத்து நிமிடத்தில் முடியக் கூடியதாகவோ இருக்க வேண்டும். அந்த இடத்தில் எந்தப் பொருள் வந்து உட்காருகிறது என்பதில்தான் ஊர் வித்தியாசம் எல்லாம்.

உங்கள் தட்டுக்கு வருவோம். பை என்றதும் தோளில் மாட்டுவது நினைவுக்கு வரும். இது மாவுச் சுவருக்குள் இறைச்சியை அடைத்துச் சுட்ட பண்டம். லெஸ்டர்ஷையர், நாட்டிங்ஹாம்ஷையர், லிங்கன்ஷையர் ஆகிய கிழக்கு மத்தியப் பகுதிகளில் கிறிஸ்துமஸ் காலையில் போர்க் பை சாப்பிடுவது ஐயத்துக்கு இடமில்லாத, இன்றும் உயிரோடு இருக்கும் வழக்கம். மெல்டன் மோப்ரேயில் நாட்டிங்ஹாம் ஸ்ட்ரீட்டில் டிக்கின்சன் அண்ட் மோரிஸ் என்ற கடை இருக்கிறது. 1851 முதல் பை செய்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் விடியுமுன்பே அந்தக் கடை வாசலில் ஆட்கள் நிற்பார்கள். நானும் ஒருமுறை விடுதிக்காக நின்றிருக்கிறேன். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் கம்பளி போர்த்தி, மடக்கு நாற்காலி போட்டு, பிளாஸ்க்கில் டீ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பையை முன்பே பதிவு செய்து வைத்திருக்கலாமே என்று கேட்டேன். அப்படியென்றால் வரிசையில் நிற்க முடியாதே என்றார்.

அந்த ஊரில் ஏன் பன்றி என்பதற்குத் தெளிவான காரணம் உண்டு. அங்கே ஸ்டில்டன் பாலாடைக்கட்டி செய்கிறார்கள். பால் திரிந்து கட்டியானதும் எஞ்சுகிற நீரைப் பன்றிக்கு ஊற்றினார்கள். கொழுத்த பன்றிகளை நவம்பரிலிருந்து கிறிஸ்துமஸுக்குள் அறுத்தார்கள். தொடையும் விலாவும் உப்பில் ஊறி ஹாமாகவும் பேக்கனாகவும் ஆக, உப்பிட முடியாத துண்டுகள் பைக்குள் போயின. மெல்டன் பைக்குள் இறைச்சி சாம்பல் நிறத்தில் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். கெட்டுப்போனது என்று பயப்பட வேண்டாம். உப்புக்கண்டம் போடாத பச்சை இறைச்சி வெந்தால் அந்த நிறம்தான் வரும்; கடைகளில் விற்கும் மற்ற பைகளில் பதப்படுத்திய இறைச்சி சேர்வதால் இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. இறைச்சியை அரைக்காமல் நறுக்கி, உப்பும் மிளகும் மட்டும் போடுவார்கள். பன்றிக் கொழுப்பும் வெந்நீரும் விட்டுப் பிசைந்த மாவை மரக்கட்டை மேல் கையால் எழுப்பி, அச்சில்லாமல் சுடுவதால் பக்கங்கள் தொந்தி போட்டிருக்கும். சுட்டு ஆறியதும் மேலே உள்ள துளை வழியாக எலும்புச் சாற்றை ஊற்றுவார்கள். அது உறைந்து இறைச்சிக்கும் மாவுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அடைத்துக் காற்றைத் தடுக்கிறது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில் பை பல நாள் தாங்கியதற்கு இதுதான் காரணம். மெல்டன் பைக்கு இன்று புவிசார் குறியீடு உண்டு, நம் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு இருப்பது போல. நரி வேட்டைக்கு வந்த கனவான்கள், தங்கள் குதிரைக்காரர்கள் சட்டைப் பையில் வைத்துத் தின்ற போர்க் பையைக் கேட்டு வாங்கிச் சுவைத்துத்தான் அது புகழ் பெற்றது என்று ஒரு கதை அங்கே சொல்வார்கள். மெல்டன் வேட்டைக்குப் பேர்போன ஊர் என்பது உண்மை. மீதியை நல்ல கதை என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மஞ்சள் ஊறுகாய் பிக்காலில்லி. காலிஃபிளவரும் வெங்காயமும் வெள்ளரியும் போட்டு, கடுகும் மஞ்சள்தூளும் காடியும் சேர்த்தது. 18ஆம் நூற்றாண்டுச் சமையல் குறிப்புகளில் இதற்கு இந்திய ஊறுகாய் என்றே பெயர். உங்கள் மாமியார் வீட்டு மேசையில் உங்களைத் தவிர வேறொரு இந்திய உறவும் ஏற்கெனவே இருந்திருக்கிறது. சுவையில் சொந்தம் கொண்டாடச் சற்றுத் தயக்கமாக இருக்கும் என்பது வேறு விஷயம்.

லிங்கன்ஷையரில் பன்றிக் கதை இன்னும் ஆழமானது. அங்கே கூலிக்காரக் குடும்பங்கள்கூட வீட்டுக்கொரு பன்றி வளர்த்தார்கள். அறுத்த அன்று அண்டை வீடுகளுக்கு ஒரு தட்டில் ஈரலும் மற்றதும் வைத்துக் கொடுத்தனுப்புவார்கள். வாங்கியவர் தட்டைக் கழுவாமல் திருப்பித் தர வேண்டும். கழுவிவிட்டால் கொடுத்தவர் வீட்டு இறைச்சியில் உப்புப் பிடிக்காது என்று நம்பிக்கை. அவரவர் பன்றியை வெவ்வேறு வாரத்தில் அறுப்பதால் குளிர்காலம் முழுக்கத் தட்டுகள் தெருவில் சுற்றிக்கொண்டே இருந்திருக்கின்றன. கிறிஸ்துமஸ் காலையில் அங்கே போர்க் பையோடு, உலர்பழங்கள் போட்ட பிளம் பிரெட் ரொட்டியை வெண்ணெய் தடவியோ பாலாடைக்கட்டி வைத்தோ சாப்பிடுவார்கள். பெயரில் இருந்தாலும் அதில் பிளம் பழம் கிடையாது. அந்தக் காலத்து ஆங்கிலத்தில் உலர்திராட்சைக்கும் அதே பெயர்தான். ஸ்டஃப்டு சைன் என்றொரு பண்டமும் உண்டு: உப்பிட்ட பன்றிக் கழுத்துப் பகுதியை ஆழமாகக் கீறி, கீறல்களில் பார்ஸ்லிக் கீரையை அடைத்து வேகவைத்து, ஆறியதும் துண்டு போட்டுக் காடி தெளித்துத் தின்பது. வெட்டினால் சிவப்பும் பச்சையுமாக வரி வரியாக இருக்கும். ஆனால் அது கிறிஸ்துமஸுக்கே உரியது என்று சொன்னால் தவறு. மே மாதத் திருவிழாவிலும் ஞானஸ்நான விருந்திலும்தான் அதற்கு இன்னும் பழைய இடம்.

உங்கள் தோழி சொன்ன தோசை, நார்த் ஸ்டாஃபர்ட்ஷையர் ஓட்கேக். ஸ்டோக்கில் முதல் வாரம் அதைப் பார்த்தபோது நானும் கொஞ்சம் கலங்கித்தான் போனேன். பொடித்த ஓட்ஸும் கோதுமை மாவும் ஈஸ்டும் உப்பும் தண்ணீரும் கலந்து, புளிக்க வைத்து, சூடான இரும்புக் கல்லில் கரண்டியால் ஊற்றி, துளை விழுந்ததும் திருப்பிப் போடுகிறார்கள். நம் கோதுமை தோசைக்கும் அதற்கும் எட்டு வித்தியாசம்கூடச் சொல்ல முடியாது. ஸ்காட்லாந்தில் அதே பெயரில் விற்பது மொறுமொறுப்பான பிஸ்கட்; அதை வாங்கி வந்துவிடாதீர்கள். ஸ்டோக்கில் பீங்கான் ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளில், வீட்டின் முன்னறையிலேயே கல் போட்டுச் சுட்டுச் சன்னல் வழியாக விற்றார்கள். அப்படிச் சன்னலில் விற்ற கடைசிக் கடை ஹேன்லியில் 2012இல் மூடப்பட்டது. ஆனால் ஓட்கேக் கடைகள் ஏராளமாக இருக்கின்றன. 24ஆம் தேதி காலையில் அவற்றின் முன்னே நிற்கும் வரிசை மெல்டன் வரிசைக்குச் சளைத்ததல்ல. டஜன் கணக்கில் வாங்கிப்போய், மறுநாள் காலை பேக்கனையும் பாலாடைக்கட்டியையும் வைத்துச் சுருட்டிச் சூடாக்குவார்கள். ஓவன் தேவையில்லை, வாணலி போதும், பத்து நிமிட வேலை. முன்பு சொன்ன நிபந்தனைகளுக்கு இது கச்சிதமாகப் பொருந்துவதைப் பாருங்கள்.

இந்த ஓட்கேக் இந்தியாவிலிருந்து வந்தது என்று ஸ்டோக்கில் என்னிடமே பத்துப் பேராவது சொல்லியிருக்கிறார்கள். இந்தியாவில் பணியாற்றித் திரும்பிய அந்த ஊர்ப் படைவீரர்கள், அங்கே தின்ற சப்பாத்திக்கு ஏங்கி, உள்ளூர் ஓட்ஸில் செய்து பார்த்தார்களாம். கேட்க எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நம்பவில்லை. ஈரமும் குளிரும் மிகுந்த அந்த மேட்டுநிலத்தில் கோதுமை சரியாக விளையாது, ஓட்ஸ் விளையும். ஓட்ஸ் விளைகிற இடத்தில் அதைக் கரைத்துக் கல்லில் ஊற்ற யாரும் கப்பலேறிப் போய்க் கற்றுவர வேண்டியதில்லை. பக்கத்து டெர்பிஷையரிலும் இதே பண்டத்தைச் சற்றுத் தடிமனாகச் செய்கிறார்கள். வடக்கே பென்னைன் மலையோரம் முழுக்க இதன் பங்காளிகள் உண்டு. அத்தனை ஊருக்கும் படைவீரர் கதை கிடையாது.

யார்க்ஷையரிலும் போர்க் பை உண்டு, ஆனால் அங்கே மேற்குப் பக்கத்தில் அதைச் சூடாகவும் தின்பார்கள். உள்ளே உள்ள ஜெல்லி உருகி மணிக்கட்டு வரை வழியும். லெஸ்டர்ஷையர்க்காரர் முன்னால் பையைச் சுடவைப்பதைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது. யார்க்ஷையரின் பழைய பண்டம் ஃப்ருமென்ட்டி: உமி நீக்கிய முழுக் கோதுமையை இரவெல்லாம் தணலில் வேகவைத்து மலரவிட்டு, பாலும் ஜாதிக்காயும் சர்க்கரைப் பாகும் சேர்ப்பது. கோதுமைப் பாயசம் என்று சொன்னால் உங்களுக்கு உடனே புரியும். அது கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவுக்கு உரியது. மறுநாள் காலைக்கு அங்கே உலர்பழக் கேக்கும் வென்ஸ்லிடேல் பாலாடைக்கட்டியும் ஒன்றாக வைத்துச் சாப்பிடும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். முதல் கடியில் விநோதம், மூன்றாவது கடியில் பழகிவிடும்.

நியூகாசில் பக்கம் வந்தால் ஹாம். 24ஆம் தேதி மாலையே பெரிய துண்டு ஹாமை வேகவைத்து, அந்தத் தண்ணீரிலேயே மஞ்சள் பட்டாணிப் பருப்பைக் குழைய வேகவிட்டு, பீஸ் புட்டிங் செய்வார்கள். கெட்டியான பருப்புக் கடையல்தான், தாளிப்பு இல்லாமல். காலையில் ஸ்டாட்டி என்ற தட்டையான ரொட்டியைப் பிளந்து இரண்டையும் வைத்துத் தின்றுவிட்டு மதியச் சமையலுக்குப் போவார்கள். இதே பகுதியில் முன்பு குழந்தைகளுக்கு யூல் டூ என்ற ரொட்டிப் பொம்மையைக் கிறிஸ்துமஸுக்குச் சுட்டுத் தந்தார்கள். கண்ணுக்கு உலர்திராட்சை வைத்த குழந்தை உருவம். நான் வேலை செய்த ஆண்டுகளில் அதை ஒரே ஒரு பேக்கரியில், அதுவும் ஒரே ஓர் ஆண்டுதான், கண்டேன்.

அழிந்துபோனவை இதுபோல இன்னும் உண்டு. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அச்சான ஒரு சிறு நூல், கிராமத்துக் கனவான் கிறிஸ்துமஸ் விடியலில் குடியானவர்களைத் தன் கூடத்துக்கு அழைத்துக் கடும் பீரும், வாட்டிய ரொட்டியும், செஷையர் பாலாடைக்கட்டியும் கொடுத்ததை வர்ணிக்கிறது. அன்று ஹாக்கின் என்ற பெரிய சாசேஜ் பொழுது விடியுமுன் வெந்திருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு இளைஞர்கள் சமையல்காரப் பெண்ணை ஆளுக்கொரு கை பிடித்து, அவள் சோம்பலுக்கு வெட்கப்படும் வரை சந்தை மைதானத்தைச் சுற்றி ஓட்டுவார்களாம். காலை உணவுப் பிரிவில் வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில் அந்தப் பெண்ணின் பக்கம் நிற்கிறேன். கும்பர்லாந்து மலைப்பகுதியில் இறைச்சியும் ஓட்ஸும் கொழுப்பும் உலர்பழமும் சேர்ந்த ஹாக்கின் நெடுங்காலம் கிறிஸ்துமஸ் காலையில் இருந்தது. அதற்கும் முந்தைய 16ஆம் நூற்றாண்டில் லண்டனின் இன்னர் டெம்பிள் என்ற சங்கத்து வழக்கறிஞர்கள், கிறிஸ்துமஸ் வழிபாடு முடிந்ததும் கூடத்துக்கு வந்து உப்புநீரில் பதப்படுத்திய பன்றி இறைச்சியைக் கடுகோடு தின்று இனிப்புத் திராட்சை மது குடித்தது பதிவாகியிருக்கிறது. குளிர்ந்த பன்றி இறைச்சி, பக்கத்தில் கடுகு: உங்கள் மாமியார் வைத்த தட்டும் ஏறக்குறைய அதேதான். இரண்டுக்கும் நேர்கோட்டில் உறவு உண்டு என்று நான் வாதிட மாட்டேன். டிசம்பரில் பன்றி அறுக்கும் நாட்டில் இந்தத் தட்டு எத்தனை முறை வேண்டுமானாலும் தானாகப் பிறக்கும்.

ஹாக்கின் ஏன் போனது, பை ஏன் நின்றது என்று பல ஆண்டுகள் யோசித்திருக்கிறேன். என் கருத்து இது, ஆராய்ச்சி முடிவு அல்ல: ஹாக்கின் வீட்டில் செய்வது, பை கடையில் வாங்குவது. வீட்டுப் பக்குவம் ஒரு தலைமுறை கைவிட்டால் போயிற்று. கடை இருக்கிறவரை 24ஆம் தேதி வரிசை இருக்கும், வரிசை இருக்கிறவரை அப்பா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் நிற்பார். மெல்டனில் பை கடை, ஸ்டோக்கில் ஓட்கேக் கடை, யார்க்ஷையரில் பார்ன்ஸ்லி பக்கம் பன்றி இறைச்சிக் கடை. இவை மூடிய ஊர்களில் மாவட்ட வழக்கம் என்று பெரியவர்கள் பேசுவது பெரும்பாலும் ஞாபகம் மட்டுமே. காலையில் அவர்களும் டோஸ்ட்தான் தின்கிறார்கள்.

கார்ன்வாலில் கிறிஸ்துமஸுக்குக் குங்குமப்பூ கேக்கும் பன்னும் உண்டு. காலையிலும் அதைத் துண்டு போட்டு வெண்ணெய் தடவிச் சாப்பிடுவது வழக்கம் என்று அந்த ஊரைச் சேர்ந்த சக சமையல்காரர் ஒருவர் சொன்னார். குங்குமப்பூவை முந்தைய இரவே வெந்நீரில் ஊறவைத்து, அந்த நீரைச் சொட்டு வீணாக்காமல் மாவில் ஊற்றுவாராம் அவருடைய பாட்டி. தகரம் வாங்க வந்த ஃபீனிசிய வணிகர்கள் குங்குமப்பூவைக் கொடுத்துவிட்டுப் போனார்கள் என்று சுற்றுலாத் தட்டிகளில் எழுதியிருக்கும். அதற்கு ஆதாரம் கிடையாது. இங்கிலாந்திலேயே, எசெக்ஸில், 16ஆம் நூற்றாண்டில் குங்குமப்பூ பயிரிட்டார்கள். சாஃப்ரன் வால்டன் என்று ஓர் ஊருக்கே அதனால் பெயர் வந்தது. நாடு முழுக்க இருந்த ருசி மேற்கு மூலையில் மட்டும் தங்கிவிட்டது என்று கொள்வதே பொருத்தம்.

இனி லண்டன்காரர்களின் சால்மன். இதைத்தான் மாத இதழ்களும் சூப்பர் மார்க்கெட்டுகளும் ஆங்கிலேயர் கிறிஸ்துமஸ் காலை என்று காட்டுகின்றன, இதுதான் எல்லாவற்றிலும் இளையது. லண்டனில் சால்மனுக்குப் புகையூட்டும் தொழிலை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்கள் ஈஸ்ட் எண்டில் வளர்த்தார்கள். அப்போது அது பணக்காரர் பண்டம். ஸ்காட்லாந்தில் 1970களுக்குப் பிறகு சால்மன் பண்ணைகள் பெருகி விலை இறங்கிய பின்தான் சாதாரணக் குடும்பத்தின் கிறிஸ்துமஸ் மேசைக்கு வந்தது. கூடவே குடிக்கும் பக்ஸ் ஃபிஸ், ஆரஞ்சுச் சாறும் ஷாம்பேனும் கலந்தது, 1921இல் லண்டன் பக்ஸ் கிளப்பில் பிறந்தது. பழமை இல்லை என்பதற்காகப் போலி என்று நான் சொல்லவில்லை. வெட்டத் தேவையில்லை, வேகவைக்கத் தேவையில்லை, முட்டை மட்டும் ஐந்து நிமிடம். ஓவன் பறவையிடம் மாட்டிக்கொண்ட காலைக்கு இதைவிடத் தோதான பண்டம் இல்லை என்பதால்தான் ஒரே தலைமுறையில் நாடு முழுக்கப் பரவியது.

ஊரைத் தவிர வேறு இரண்டு விஷயங்களும் தட்டைத் தீர்மானித்திருக்கின்றன. ஒன்று கோயில். 1950கள் வரை கத்தோலிக்கர்கள் நள்ளிரவிலிருந்து எதுவும் உண்ணாமல்தான் நற்கருணை வாங்க வேண்டும். 1957இல் அது மூன்று மணி நேரமாகக் குறைந்தது. எங்கள் ஆங்கிலிக்கன் சபையிலும் பழைய போக்குள்ளவர்கள் வெறும் வயிற்றோடுதான் திருவிருந்துக்குப் போவார்கள். அப்படி வளர்ந்த வீடுகளில் காலை உணவு கோயிலிலிருந்து திரும்பிய பிறகு, கனமாக இருக்கும். லங்காஷையரைச் சேர்ந்த ஒரு மூதாட்டி, குளிரில் நடந்து வீடு திரும்பும்போது தெருமுனையிலேயே பேக்கன் வாசம் வரும் என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். இன்னொன்று போர்க்காலப் பங்கீடு. பேக்கன் 1940 ஜனவரியில் பங்கீட்டுக்குள் போய் 1954 ஜூலையில்தான் வெளியே வந்தது. பல ஆண்டுகள் ஆளுக்கு வாரம் நூறு கிராம் சொச்சம் பேக்கன், ஒரு முட்டை. அந்தத் தலைமுறைக்கு இரண்டு முட்டையும் மூன்று பேக்கனும் உள்ள தட்டே பண்டிகை. அவர்களிடம் சால்மனை நீட்டினால் மரியாதைக்காகத் தின்பார்கள்.

இனி மாமியார். மாவட்டத்தை வைத்து நீங்கள் முடிவு செய்ய வேண்டாம். ஆங்கிலேயக் குடும்பங்களில் இந்த ஒரு வேளை உணவை மாவட்டத்தைவிடப் பாட்டிதான் நிர்ணயிக்கிறார். நாட்டிங்ஹாமில் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் ஒன்றில் பை, மற்றதில் சாக்லேட் மட்டும் என்று பார்த்திருக்கிறேன். குழந்தைகள் உள்ள வீட்டில் எப்படியும் சாக்லேட்டும், காலுறையின் நுனியில் கிடக்கும் ஆரஞ்சும்தான் முதல் உணவு. ஆகவே உங்கள் கணவரிடம், அவருடைய பாட்டி வீட்டில் பையோடு என்ன வைத்தார்கள் என்று மட்டும் கேளுங்கள்: பிக்காலில்லியா, ஊறவைத்த வெங்காயமா, கடுகா. பையை டிசம்பர் முதல் வாரத்திலேயே உள்ளூர்ப் பன்றி இறைச்சிக் கடையில் சொல்லி வையுங்கள், 24ஆம் தேதி போய் எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் முழு முட்டை வைத்த நீளமான பை வேறு ரகம், அது வேண்டாம். சாப்பிட ஒரு மணி நேரம் முன்பு குளிர்சாதனப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வையுங்கள். சில்லென்று இருந்தால் கொழுப்பு நாக்கில் மெழுகாக ஒட்டும். கேக்கை வெட்டுவது போல ஆப்பாக வெட்ட வேண்டும்.

நீங்கள் பன்றி இறைச்சி சாப்பிடுவீர்களா என்பதைச் சொல்லவில்லை. சாப்பிடமாட்டீர்கள் என்றால் உங்களுக்கும் அவர்களுக்கும் பொதுவாகக் கொஞ்சம் முட்டையைக் கிளறிவிடுங்கள், யாரும் குறையாக நினைக்கமாட்டார்கள். சாப்பிடுபவர் என்றால், பைக்குள் இருக்கும் அந்த ஜெல்லியைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்காதீர்கள். மாமனார் அதைப் பார்த்துக்கொண்டேதான் இருப்பார்.